எட்டு மணிக்குக் கொடுத்த பிஸ்கட்

விஜிம்மா,

இங்கு நலம், அங்கு நலமா என்று ஆரம்பிப்பதுதான் எனக்குப் பழக்கம். இன்றைக்கு அதை எழுத மனம் வரவில்லை. நேற்றுச் சாயங்காலம் நீ ஓசூரிலிருந்து போன் செய்தாய். பேரன் சரணுக்குத் தொண்டைச் சதை ஆபரேஷன், அடுத்த வியாழக்கிழமை, மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்களாம் என்றாய். அதுவரைக்கும் உன் குரல் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம், "நான் ஆஸ்பத்திரிக்குப் போகப் போறதில்லப்பா. எங்க அத்தை கூட இருந்து பாத்துக்குவாங்க. என் கை எப்படின்னு உனக்குத் தெரியாதா, என் கை வேணாம்பா அவனுக்கு" என்றாய். நான் "சரிம்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு கடையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். வெட்டி வைத்திருந்த ஒரு ஜாக்கெட்டுக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்திருக்கிறேன். தைத்து முடித்துத் தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முப்பத்தைந்து வருஷமாகத் தைக்கிறவன் செய்கிற வேலையா அது? பிரித்துவிட்டுக் கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் சரி என்று சொல்லியிருக்கக் கூடாது. போனிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உன் அப்பன் எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று உனக்குத் தெரியாது. நீ நடுவில் அழுதால் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். வியாழக்கிழமைக்கு முன்னால் உன் கையில் கிடைக்க வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். கூடவே ஒரு சின்னப் பார்சல் இருக்கும், அது சரணுக்கு. கடிதத்தை அவன் பள்ளிக்கூடம் போன பிறகு உட்கார்ந்து படி. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் தம்பி பாபு செத்தது நீ கொடுத்த பிஸ்கட்டால் இல்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

உனக்கு அப்போது பதினொரு வயது. பாபுவுக்கு ஐந்து. தொண்ணூற்றொன்றாம் வருஷம் மார்கழி மாதம், அரைப் பரீட்சை லீவு. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பின்பக்கம் வாடகை வீட்டில் இருந்தோமே, மயில்கள் சுவரேறி வந்து அம்மா காயவைத்த வடாமைக் கொத்திக்கொண்டு போகுமே, அந்த வீடு. பாபுவுக்கு அடிவயிற்றில் ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு வரும். அழுதால் பெரிதாகும், படுத்தால் உள்ளே போய்விடும். குடலிறக்கம், சின்ன ஆபரேஷன்தான், லீவில் செய்துவிடலாம் என்றார் டாக்டர். முந்தின நாள் காட்டப் போனபோது அங்கிருந்த நர்ஸம்மா என்னையும் அம்மாவையும் நிற்கவைத்துச் சொன்னார். "ராத்திரி பத்து மணிக்கு மேல பையனுக்கு எதுவும் குடுக்கக் கூடாது. பால் கூடாது, டீ கூடாது, பச்சத் தண்ணி கூட கூடாது. காலையில ஏழு மணிக்கு வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க." ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் அது மேலே வந்து மூச்சுக் குழாயில் இறங்கிவிடும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்திருந்தால் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அதுவும் ஒரு சாக்குத்தான். கூடாது என்றால் கூடாதுதானே, எனக்கு விளக்கம் வேறு வேண்டுமா?

அம்மா அன்றைக்கு ஏழரை மணிக்கே அவனுக்குச் சோறு ஊட்டி முடித்தாள். முடித்துவிட்டு உன்னையும் என்னையும் பார்த்து, "இனிமே யாரும் இவனுக்கு ஒண்ணும் குடுக்காதீங்க" என்றாள். அவள் பயந்தவள், பத்து மணிக் கணக்கை ஏழரைக்கே முடித்துவிட்டாள். எட்டு மணிக்கு நீ பாயில் அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, போர்வைக்குள் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்திருக்கிறாய். ஒரே ஒரு பிஸ்கட். நீ மீறியது அம்மா சொன்னதை மட்டும்தான். ஆஸ்பத்திரி சொன்ன நேரத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள் விஜி, மறுபடி ஒரு தடவை படி. நீ எந்தத் தப்பும் செய்யவில்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். மார்கழி மாதம் விடியற்காலையில் கோயிலில் பொங்கல் பிரசாதம் கொடுப்பார்கள், உனக்குத் தெரியும். நான் தினமும் குளித்துவிட்டுப் போய் வாங்கி வருவேன், நாம் எல்லாரும் ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் காபி. அன்றைக்கும் போனேன். போகாமல் இருக்க முடியுமா, பிள்ளைக்கு ஆபரேஷன் ஆயிற்றே. சாமி முன்னால் நின்று, பாபுவை நல்லபடியாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். தொன்னையில் பொங்கல் வைத்துக் கொடுத்தார்கள், நெய்யும் மிளகுமாக, கை சுடும் சூட்டில். வீட்டுக்கு வந்தபோது அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். பாபு மட்டும் பின்வாசல் படியில், தலையில் மப்ளரோடு உட்கார்ந்திருந்தான். "அப்பா, பசிக்குதுப்பா" என்றான். நெற்றியில் திருநீறு வைத்தேன். கையில் இருக்கும் பிரசாதத்தைக் கொடுக்காமல் எப்படி இருப்பது? ஆபரேஷனுக்குப் போகிற பிள்ளைக்குச் சாமி பிரசாதத்தை இல்லை என்று சொன்னால் சாமிக் குற்றம் ஆகிவிடாதா? நர்ஸம்மா சாப்பாடு கூடாது என்றார், பிரசாதம் சாப்பாட்டில் சேராது. இப்படித்தான் விஜி என் புத்தி வேலை செய்தது. ஒரு வாய் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். அவன் ஆவென்று வாயைத் திறந்து திறந்து வாங்கினான். தொன்னை காலியாகிவிட்டது.

சாப்பிட்டுக்கொண்டே அவன் சொன்னதைக் கேள். "நேத்து ராத்திரி எட்டு மணிக்கு அக்கா கூட எனக்கு பிஸ்கட் குடுத்துச்சு. நான் அம்மாகிட்ட சொல்லவே இல்லியே" என்றான். அந்த வாரம்தான் நீ அவனுக்குக் கடிகாரத்தில் மணி பார்க்கச் சொல்லிக்கொடுத்திருந்தாய், எதற்கெடுத்தாலும் மணி சொல்லுவான். நான் சிரித்துக்கொண்டே, "இதையும் சொல்லாத. உனக்கும் எனக்கும் மட்டும்தான்" என்றேன். வாயைத் துண்டால் துடைத்துவிட்டேன். தொன்னையைச் சுவருக்கு வெளியே எறிந்தேன். எறிந்ததை நினைத்தால், பிரசாதம் சாப்பாடு இல்லை என்று நான் முழுசாக நம்பவில்லை என்றுதான் தோன்றுகிறது. நம்பியிருந்தால் ஏன் மறைக்க வேண்டும்?

இன்னொரு பொய்யும் உண்டு. எங்கே போகிறோம் என்று அவனிடம் நான் சொல்லவே இல்லை. அழுவான், அடம்பிடிப்பான் என்று, "ஒரு எடத்துக்குப் போறோம். அங்க பின்னாடி தோட்டத்துல வெள்ள மயில் இருக்குது, பாத்துட்டு வரலாம்" என்று சொன்னேன். ஊசியைப் பற்றிச் சொல்லவில்லை, தூங்கவைப்பார்கள் என்று சொல்லவில்லை, எழுந்தால் வலிக்கும் என்று சொல்லவில்லை. அவன் சந்தோஷமாகச் செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு கிளம்பினான். வழியெல்லாம் வெள்ளை மயிலுக்குக் கொண்டை என்ன கலர் என்று கேட்டுக்கொண்டே வந்தான். நீ பின்னால் வந்தாய். செருப்பு நுனியையே பார்த்துக்கொண்டு நடந்தாய். பிஸ்கட்டை நினைத்துக்கொண்டு வந்தாய் போலிருக்கிறது, பாவி எனக்கு அது அப்போது தெரியவில்லை.

தியேட்டர் வாசலில் டாக்டர் வந்து கேட்டார். "காலையிலேர்ந்து எதனா குடுத்தீங்களா?" உன் அம்மா, "பச்சத் தண்ணி கூட குடுக்கலீங்க" என்றாள். அவள் சொன்னது அவளுக்குத் தெரிந்த உண்மை. டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இல்லீங்க டாக்டர்" என்றேன். மனைவி அப்படிச் சொன்ன பிறகு அவள் எதிரிலேயே எப்படி மாற்றிச் சொல்வது என்று இருந்தது. திட்டுவார்கள், ஆபரேஷனைத் தள்ளிப் போடுவார்கள், லீவு முடிந்துவிடும் என்றும் இருந்தது. பாபு என் முகத்தைப் பார்த்தான். வாயை இறுக்கி மூடிக்கொண்டான். நான் சொல்லாதே என்றேன் அல்லவா, அந்தச் சொல்லைக் காப்பாற்றுகிறானாம். நர்ஸம்மா தூக்கிக்கொண்டு போகும்போது அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "மயில் எங்கப்பா?" என்றான். கதவு சாத்திக்கொண்டது. அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரிந்தது பாதி. கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே ஓடி வந்தார். "பையன் வாந்தி எடுத்துட்டான், நுரையீரலுக்குள்ள போயிடுச்சு. யாரு என்னா குடுத்தது?" என்று கத்தினார். நான் வாயைத் திறக்குமுன் நீ அலறினாய். "நான்தான், நான்தான் பிஸ்கட் குடுத்தேன்." அம்மா உன்னைத் திரும்பிப் பார்த்தாள். "அடிப் பாவி, சொன்னேனேடி" என்றாள். அவள் உன்னை அடித்திருந்தால் கூடப் பரவாயில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அங்கேயே நின்றேன் விஜி. ஒரு வார்த்தை சொன்னால் போதும், உன் மேல் விழுந்தது என் மேல் வந்துவிடும். நான் சொல்லவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், முதலில் பிள்ளை பிழைக்கட்டும் என்று நினைத்தேன்.

வேலூருக்குக் கொண்டு போனோம். உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டான். திரும்பி வந்த பிறகு, பதினாறாம் நாள் காரியம் முடிந்து, நான் மட்டும் அந்த டாக்டரைப் பார்க்கப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. அவர் என்னைத் திட்டவில்லை. உட்காரச் சொன்னார். "அது பிஸ்கட் இல்லீங்க. சோறு இருந்துச்சு, மிளகு இருந்துச்சு. காலையில சாப்பிட்டது" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. சின்னப் பொண்ணு, மனசுல வச்சிக்கும்" என்றார். சொல்லிவிடுகிறேன் என்று அவரிடமும் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இவளிடம் சொன்னால் இவளும் போய்விடுவாள் என்று தோன்றியது. அடுத்த வாரம் சொல்லலாம் என்றிருந்தேன். அடுத்த வருஷம் திதிக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். நீ பெரிய மனுஷி ஆனாய், பத்தாவது எழுதினாய், கல்யாணம் ஆகிப் போனாய். நான் பொங்கல் சாப்பிடுவதை விட்டேன், மார்கழியில் கோயிலுக்குப் போவதை விட்டேன். பிள்ளை நினைவில் விட்டுவிட்டான் என்று ஊரெல்லாம் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. அந்தப் பரிதாபத்தையும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் உன்னை நான் கவனிக்காமல் இல்லை. எனக்கு ஒரு தடவை மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தபோது நீ கஞ்சி கொண்டுவந்தாய். வாசற்படியிலேயே அம்மா, "குடு, நான் குடுக்கறேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போயிற்று. நீ கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு போனாய். கையில் ஒன்றுமே ஒட்டியிருக்கவில்லை, எதைத் துடைத்தாய்? நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போல் இருந்தேன். அதற்குப் பிறகு நீ யாருக்கும் உன் கையால் எடுத்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை. தட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாய். சரண் பிறந்த பிறகும் அவனுக்குச் சோறு ஊட்டுவது உன் மாமியார்தான் என்று உன் வீட்டுக்காரர் வேடிக்கையாகச் சொன்னார், "உங்க பொண்ணுக்கு சோம்பேறித்தனம் ஜாஸ்தி மாமா" என்று. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

போன வருஷம் அம்மா படுக்கையில் கிடந்தபோது ஒரு நாள் தண்ணீர் கேட்டாள். நான் எழுந்தேன். "நீங்க இருங்க. விஜிய குடுக்கச் சொல்லுங்க" என்றாள். அவள் உன்னை மன்னித்துவிட்டாள், அதைச் சொல்ல அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். நீ டம்ளரைக் கொண்டுவந்து அவளிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாய். அம்மா உன் முதுகைப் பார்த்துக்கொண்டே என் கையிலிருந்து குடித்தாள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். மன்னிக்க அங்கே ஒன்றுமே இல்லை என்று தெரியாமலே அவள் போய்ச் சேர்ந்தாள். அவளிடம் நான் சொல்ல முடியாமல் போனதைத்தான் இப்போது உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. கோபப்படு. போன் செய்து திட்டு. இனிமேல் அப்பா என்று கூப்பிட மாட்டேன் என்று சொன்னாலும் எனக்கு அது தகும். ஆனால் வியாழக்கிழமை நீ வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சரணிடம் நீயே பேசு. ஒரு வாரம் முன்னால் வேண்டாம், பயந்துகொண்டே இருப்பான். இரண்டு நாள் முன்னால் சொல்லு, அப்புறம் அவன் கேட்கும்போதெல்லாம் சொல்லு. உன் தொண்டையில் அடிக்கடி வலி வருகிறதே, அதை டாக்டர் சரிசெய்யப் போகிறார் என்று சொல்லு. மூக்கில் ஒரு மூடி வைப்பார்கள், கொஞ்சம் வாசனை வரும், தூங்கிவிடுவாய், தூங்கும்போது ஒன்றும் தெரியாது என்று சொல்லு. எழுந்ததும் தொண்டை வலிக்கும் என்பதையும் சொல்லிவிடு. வலிக்காது என்று மட்டும் சொல்லிவிடாதே, அப்புறம் நீ சொல்கிற எதையும் அவன் நம்ப மாட்டான். ஏன் பட்டினி இருக்க வேண்டும் என்பதை அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லு, ஐந்து வயசுக்குப் புரியும். எனக்குத்தான் புரியவில்லை. டாக்டர் சொல்கிற நேரத்தைக் காகிதத்தில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டு, வீட்டில் எல்லாரும் பார்க்கட்டும். பிரசாதமாக இருந்தாலும் தீர்த்தமாக இருந்தாலும் யார் கொண்டுவந்தாலும் வாங்கி எடுத்து வை. சாமி காத்திருப்பார், அவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை. யாராவது தெரியாமல் எதையாவது கொடுத்துவிட்டால் அவர்களைத் திட்டாதே. திட்டினால் மறைப்பார்கள். நேராக டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளிப் போனால் போகட்டும்.

பார்சலில் இருப்பது அவன் கரடி பொம்மைக்கு. இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் தியேட்டர் துணி தைக்கச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அந்தப் பச்சைத் துணியைத் தொடவே மாட்டேன் என்றிருந்தேன். இன்றைக்குக் காலையில் நானே போய் ஒரு முழம் வாங்கி வந்தேன். முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற சட்டை ஒன்று, தொப்பி ஒன்று, முகத்துக்கு ஒரு மூடி. கரடிக்கு ஆபரேஷன் செய்து விளையாடட்டும். கரடியைத் தியேட்டர் வாசல் வரைக்கும் கொண்டுவரலாமா என்று கேட்டுப் பார். அவன் எங்கே போகிறோம் என்று கேட்டால், போகிற இடத்தின் பேரைச் சொல்லு. நீ எங்கே இருப்பாய் என்று கேட்டால், கதவுக்கு வெளியே இருப்பேன், கண்ணைத் திறக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று சொல்லு. சொன்ன மாதிரி இரு.

நான் வரட்டுமா என்று கேட்க எனக்கு முகமில்லை. நீ கூப்பிட்டால் முதல் பஸ்ஸுக்கு வருவேன். கூப்பிடாவிட்டாலும் அன்றைக்கு நான் கடை திறக்கப் போவதில்லை.

தொண்டை ஆபரேஷன் முடிந்ததும் குளிர்ச்சியாக ஏதாவது கொடுக்கச் சொல்வார்களாம், ஐஸ்கிரீம் கூடக் கொடுக்கலாமாம், மருந்துக் கடைக்காரரிடம் விசாரித்தேன். டாக்டர் கொடுக்கலாம் என்று சொல்கிற வரைக்கும் பொறுத்திரு. சொன்ன பிறகு கிண்ணத்தை உன் மாமியார் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்காதே விஜி. முதல் வாயை உன் கையால் கொடு.

அப்பா